மேலே தளதளனு இலை, கீழே பென்சில் வேர்: வெயில் காலத்தில் முள்ளங்கி ஏன் ஏமாத்துது?

விதை போட்ட நாலாவது நாளே முளைத்துவிட்டது. பத்தாவது நாள் எடுத்த போட்டோவுக்கு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஏகப்பட்ட ஹார்ட்டின். இருபதாவது நாள் இலைகள் பையைத் தாண்டித் தழைத்து நின்றன. நாற்பத்தைந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, 'இன்னிக்கு நம்ம வீட்டு முள்ளங்கி சாம்பார்' என்று அறிவித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் ஒரு செடியைப் பிடித்து இழுத்தால், வருவது பென்சில் தடிமனில் ஒரு வேர். பக்கத்துச் செடியில் கொஞ்சம் பருமன் இருக்கிறது. வெட்டினால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. மூன்றாவது நல்ல கனம்தான், ஆனால் ஒரு துண்டை வாயில் வைத்தால் காரம் மூக்குவரை ஏறுகிறது.

மார்ச் முதல் ஜூன் வரை தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் இது வருஷா வருஷம் நடக்கும் கதை. அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். விதை மோசம் என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். அல்லது உரம் பத்தவில்லை என்று அடுத்த முறை இரண்டு மடங்கு கொட்டப்படும். பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை.

முள்ளங்கி அடிப்படையில் குளிர் விரும்பும் பயிர். ஆனால் அதன் விதை சூடான மண்ணிலும் ஜோராக முளைக்கும். இலையும் வெயிலைக் கணிசமாகத் தாங்கும். தாங்காதது வேர் மட்டும்தான். அதனால்தான் மேலே பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகப் போவது மாதிரியே தெரிகிறது. கோடை முள்ளங்கியின் பாஸ், ஃபெயில் முடிவாவது மண்ணுக்குள்ளே, அதுவும் கடைசி 20, 25 நாட்களில். ஆக, கேள்வி 'செடிக்கு வெயில் அதிகமா?' என்பதல்ல. 'மண் எவ்வளவு சூடு, ஈரம் எத்தனை தடவை விட்டுப்போச்சு?' என்பதுதான்.

மண்ணுக்குள்ளே என்னதான் நடக்குது?

முள்ளங்கி என்பது செடியின் சேமிப்புக் கணக்கு. இலை பகலில் வெயிலை வாங்கிச் சர்க்கரை தயாரிக்கிறது. அதில் ஒரு பங்கு வேருக்கு இறங்குகிறது. வேரும் உயிருள்ள பொருள்தானே, அதுவும் சுவாசிக்கும். அந்தச் செலவு, வந்து சேர்ந்த சர்க்கரையிலிருந்துதான் போக வேண்டும். மண் குளிர்ச்சியாக இருந்தால் செலவு குறைவு. மண் சுட்டால் செலவு எகிறும். சம்பளம் அதே, வாடகை மட்டும் டபுள் ஆனால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சுமோ, அதுதான் அந்தப் பென்சில் வேர்.

வேர் நன்றாகப் பருக்க 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான இதமான வெப்பநிலை வேண்டும். ஊட்டிக்கு அது வருடத்தின் பெரும்பகுதி இயல்பாகக் கிடைக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் பக்கம் முள்ளங்கி நன்றாக வருவதற்கும் இந்த உயரம் ஒரு காரணம். சென்னையில் மே மாதத்து இரவே 28 டிகிரி பக்கம்தான் நிற்கிறது. எல்லோரும் மதிய வெயிலைத்தான் திட்டுவார்கள். ஆனால் இரவில் இலை எதையும் சம்பாதிப்பதில்லை, வேர் மட்டும் செலவு செய்துகொண்டே இருக்கிறது. சூடு இறங்காத இரவும் முள்ளங்கிக்கு நஷ்டம்தான்.

பஞ்சு விழுவதும் இதே கணக்கின் இன்னொரு பக்கம். வேர் பருமனாகிக்கொண்டே போகும்போது நடுப்பகுதிச் செல்களை நிரப்பச் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். வரவு குறைந்தால் அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். முற்றிப்போன முள்ளங்கி எந்தப் பருவத்திலும் இப்படி ஆகும். வெயில் காலத்தில் அந்த முதுமை சீக்கிரமே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

காரத்தின் கதை தனி. முள்ளங்கி கடுகுக் குடும்பத்துச் செடி. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். இந்தக் குடும்பத்துச் செடிகள் குளுக்கோசினோலேட் என்ற பொருளை ஒரு அறையிலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியை இன்னொரு அறையிலும் தனித்தனியாக வைத்திருக்கும். பூச்சியோ, மனிதரோ கடித்தால் இரண்டும் கலந்து, ஐசோதயோசயனேட் என்கிற காரச் சரக்கு உடனே உருவாகும். எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால்தான் மிளகாய் மாதிரி நாக்கோடு நிற்காமல் மூக்குக்கு ஏறுகிறது. இது செடியின் தற்காப்பு ஆயுதம். சூட்டிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் வளர்ந்த முள்ளங்கியில் இந்தக் காரம் தூக்கலாகவே இருக்கும். உறைக்கும் முள்ளங்கி, தாகத்தோடு வளர்ந்த முள்ளங்கி என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாக்கெட்டில் என்ன பேர் போட்டிருக்கு?

கோடையில் முதல் தப்பு பெரும்பாலும் செல்போனில்தான் நடக்கிறது. ஆன்லைனில் விதை தேடினால் கண்ணைப் பறிப்பவை குட்டிக் குட்டியாக, சிவப்பாக, உருண்டையாக இருக்கும் ஐரோப்பிய ரகங்கள். செர்ரி பெல் அதில் பிரபலம். '25 நாளில் அறுவடை' என்று போட்டிருக்கும். பொய்யில்லை, ஆனால் அந்த 25 நாள் குளிர்ந்த ஊர்க் கணக்கு. மதுரையின் ஏப்ரலில் அதே விதை பெரும்பாலும் இலையாக ஓடும். வேர் உருண்டாலும் சீக்கிரம் பஞ்சாகும். அந்தப் பாக்கெட் கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், டிசம்பர் வரை ஃப்ரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கலாம்.

வெயில் காலத்துக்கென்றே தேர்வு செய்யப்பட்ட ரகம் ஒன்று இருக்கிறது: பூசா சேத்கி. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம். (பூசா என்பது பீகாரில் உள்ள ஊர். அந்த நிறுவனம் அங்கேதான் இருந்தது. 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமானதால் 1936-ல் டெல்லிக்கு மாறியது. ஊர் மாறினாலும் பெயர் மட்டும் விதைப் பாக்கெட்டுகளில் ஒட்டிக்கொண்டது.) வடஇந்தியச் சமவெளியில் இந்த நிறுவனம் முள்ளங்கியை ஒரு ரிலே ரேஸ் மாதிரி ஓட விடுகிறது. ஆகஸ்ட் நடுவில் பூசா தேசி, அக்டோபரில் ஜப்பானீஸ் ஒயிட், டிசம்பர் நடுவிலிருந்து பூசா ஹிமானி, மார்ச் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பூசா சேத்கி. நான்கு பேர் சேர்ந்து வருடம் முழுக்க முள்ளங்கி கிடைக்கச் செய்கிறார்கள். இந்த ரிலேயில் கோடையின் மொத்தத் தூரத்தையும் ஓடுவது சேத்கி மட்டும்தான்.

40 முதல் 45 நாளில் தயாராகிவிடுவது இதன் முக்கியமான பலம். வெள்ளை வேர், சுமாரான நீளம், மென்மை. வெயிலில் விளைவதற்கேற்ற உடம்பு வாகு என்றாலும், கவனிக்காமல் விட்டால் இதுவும் பஞ்சாகும். ரகம் பாதி வேலையைத்தான் செய்யும்.

'பூ வந்துடுச்சு, வேர் வரலை' என்ற புகாருக்கும் ரகத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஐரோப்பிய ரகங்களுக்குப் பூக்கக் குளிர் வேண்டும். அதனால்தான் அவற்றின் விதையை மலைப்பகுதிகளில் எடுக்கிறார்கள். நம்ம ஊர்ச் சூட்டுக்குப் பழகிய ஆசிய ரகங்கள் குளிர் இல்லாமலே சமவெளியில் பூத்து விதை கட்டும். அவற்றைப் பறிக்காமல் விட்டுவிட்டால், நீளமான பகலும் சூடும் சேர்ந்து பூத்தண்டைக் கிளப்பிவிடும். தண்டு கிளம்பிவிட்டால் அதுவரை சேர்ந்த சேமிப்பு அதற்குச் செலவாகத் தொடங்கும், வேர் நாராகும்.

கத்திரிக்கு முன்னாடியா, பின்னாடியா?

45 நாள் பயிர் என்பதால் தேதியில் கொஞ்சம் விளையாட இடம் இருக்கிறது. வேர் பருக்கும் கடைசி மூன்று வாரம் மே மாதத்துக் கத்திரி வெயிலில் போய் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை குறையும். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம் விதைத்தால் ஏப்ரல் நடுவுக்குள் பறித்து முடிக்கலாம். கோவை, தென்காசி, கன்னியாகுமரி மாதிரித் தென்மேற்குப் பருவக்காற்று எட்டிப் பார்க்கும் ஊர்களில் மே மூன்றாவது வாரம் விதைத்தால், வேர் பருக்கும் நேரத்தில் ஜூன் காற்று உதவிக்கு வரும். சென்னை, வேலூர்க்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது, அங்கே ஜூனும் கொதிக்கும்.

ஏப்ரலில் விதைத்து மே கடைசியில் பறிக்கிற திட்டம்தான் இருப்பதிலேயே கஷ்டமானது. முதல்முறை தோட்டம் போடுகிறவர் அந்த மாதத்தில் வெண்டையோ கொத்தவரையோ வைத்தால் நிம்மதி. இல்லை, முள்ளங்கிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

பை சுடாம இருக்கணும்

மே மாத மதியம் இரண்டு மணிக்கு மாடியில் இருக்கும் கறுப்பு குரோ பேக்கின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். கையை வைக்க முடியாது. அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஓர் அங்குலம் உள்ளேதான் முள்ளங்கி நின்றுகொண்டிருக்கிறது. தரையில் வளரும் முள்ளங்கிக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வெயில், மேல் பக்கம். மாடியில் பைக்குச் சுற்றிலும் வெயில், கீழே காங்கிரீட்டின் சூடு வேறு. வயலில் கோடை முள்ளங்கி எடுக்கும் விவசாயியின் முறையை அப்படியே மாடியில் காப்பி அடித்தால் வேலைக்கு ஆகாததற்கு இதுதான் காரணம்.

பையைத் தரையிலிருந்து தூக்குவதுதான் முதல் வேலை. நாலு செங்கல், அல்லது மேலே தேங்காய் மட்டையைப் பரப்பிய பழைய மரப்பலகை போதும், அடியில் காற்று ஓட வேண்டும். பைகளைத் தனித்தனியாக வைக்காமல் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். வெளிவரிசைப் பைகளுக்கு மேற்குப் பக்கமாக ஒரு கோணிச் சாக்கையோ பழைய வெள்ளை வேட்டியையோ சுற்றிவிடலாம். பார்க்க இன்ஸ்டாகிராமுக்கு ஆகாது, வேருக்கு ஆகும்.

நிழல் விஷயத்தில் நிறைய பேர் எல்லை தாண்டிவிடுகிறார்கள். வெயில் அதிகம் என்று நாள் முழுக்க அடர்த்தியான ஷேட் நெட்டுக்குக் கீழே வைத்தால் இலை நீண்டு சோனியாகும், வேருக்குச் சர்க்கரையே போகாது. முள்ளங்கிக்குக் காலை வெயில் கண்டிப்பாக வேண்டும். பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை மட்டும் மறைப்பு கிடைத்தால் போதும். கிழக்குப் பார்த்த பால்கனி, மாடிப்படி அறையின் கிழக்குச் சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் விழும் இடம் எல்லாம் ஷேட் நெட்டைவிட நல்ல தேர்வு.

மண்ணுக்கு மேலே மூடாக்கு கட்டாயம். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார், கரும்புச் சக்கை, எது கிடைக்கிறதோ அது, இரண்டு விரல் கனத்துக்கு. செடி மூன்று, நாலு இலை விட்டதும் போட ஆரம்பிக்கலாம். கோடையில் முள்ளங்கிக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு உதவிதான் முடியும் என்றால் இதைச் செய்யலாம். மண்ணின் சூடும் குறையும், ஈரமும் நிற்கும்.

பை குறைந்தது ஓர் அடி ஆழம் இருக்கட்டும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். கல், கட்டி, சரியாக மட்காத சாணம் எது வழியில் வந்தாலும் வேர் இரண்டாகப் பிரிந்து, பேன்ட் போட்ட முள்ளங்கியாக வரும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் அதே விளைவைத் தரும், நேரடியாக விதைப்பதுதான் சரி. மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ விதைப்பதற்கு முன்பே கலந்துவிட்டால் 45 நாளுக்கு அதுவே தாராளம். நடுவில் யூரியா தூவினால் இலை இன்னும் தளதளக்கும். சாம்பாருக்கு இலை மட்டும் போதும் என்றால் தூவலாம்.

தண்ணி: எவ்வளவுங்கிறதைவிட எப்போ

வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு பஸ். போகும் முன் அவசரமாக ஒரு பக்கெட். சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள் காலை வந்து பார்த்தால் இலை தொங்குகிறது, குற்ற உணர்ச்சியில் இரண்டு பக்கெட். முள்ளங்கி வெடிப்பது இப்படித்தான். காய்ந்த நாட்களில் தோல் இறுகிவிடும், திடீரென்று தண்ணீர் வந்ததும் உள்ளே வேகமாக உப்பும், தோல் நீளவாக்கில் பிளக்கும். ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்பதைவிட, தினமும் கொஞ்சம் என்பது இந்தப் பயிருக்கு எவ்வளவோ மேல்.

காலை ஏழு மணிக்குள் ஒரு முறை, உச்சக் கோடையில் மாலை மறுபடி ஒரு முறை லேசாக. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் ஈரம் ஒட்ட வேண்டும். சகதியாக இருக்கக் கூடாது. மதியம் இலை லேசாகத் துவண்டு, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம். காலையிலேயே துவண்டிருந்தால்தான் பிரச்சினை. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் டைமர் வைத்த சொட்டு நீர்க் குழாய் பொருத்தலாம். செலவு வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பிரதிபலனாக ஒரு கட்டு முள்ளங்கிக் கீரை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் கவனிக்காதது: மதியம் மாடி டேங்க் குழாயில் வரும் முதல் தண்ணீர் கிட்டத்தட்ட வெந்நீர். வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் நிற்கும் தண்ணீரும் அப்படித்தான். அதை அப்படியே பையில் பிடித்தால் வேருக்கு அவியல் ட்ரீட்மென்ட். இரவே பக்கெட்டில் பிடித்து வைத்துவிட்டால் காலையில் ஊற்றக் குளிர்ந்த தண்ணீர் தயார்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணி ஊத்தலாமா?

தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் நிறைய வீடுகளில் செய்யும் வேலை இது. எண்ணம் நல்லது, முள்ளங்கிக்கு மட்டும் சரிப்படாது. உப்பைத் தாங்கும் விஷயத்தில் முள்ளங்கி ஓரளவு பலவீனமான பயிர். பாசன நீரின் மின்கடத்துத் திறன் 0.8 டெசிசைமன் அளவைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது பாசனத் துறையில் பரவலாகப் பயன்படும் கணக்கு. வீட்டில் இருக்கும் டிடிஎஸ் மீட்டரில் இதைச் சொன்னால் தோராயமாக 500 பிபிஎம். இது 3.4-ஐத் தொட்டால், அதாவது 2,000 பிபிஎம் தாண்டினால், விளைச்சல் பாதியாகிவிடும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்திலும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான். மாற்று இல்லாதபோது 2,000 வரை அனுமதி. கிட்டத்தட்ட நமக்கும் முள்ளங்கிக்கும் ஒரே எல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. இயந்திரம் உப்பைப் பிரித்து ஒதுக்கும் தண்ணீர், உள்ளே போன போர் தண்ணீரைவிட இன்னும் உப்பானது. நல்ல மழைக்காலத்தில் மழை அதைக் கழுவிவிடும். கோடையில் தண்ணீர் மட்டும் ஆவியாகி, உப்பு பைக்குள்ளேயே தங்கும். மண்ணின் மேலே வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அதுதான் அர்த்தம். கோகோபீட் கட்டிகளிலும் உப்பு இருக்கக்கூடும். பயன்படுத்தும் முன் இரண்டு, மூன்று முறை ஊறவைத்துக் கழுவிவிடுவது நல்லது.

சரி, அப்போ எந்தத் தண்ணி? அரிசி கழுவியது, காய்கறி கழுவியது தாராளமாக ஊற்றலாம்; சோப்பு கலந்தது வேண்டாம். பலருக்குத் தோன்றாத இன்னொரு வழி, ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு மிகக் குறைவு. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் இரவெல்லாம் ஓடும் ஏசியின் குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்தால் காலையில் கணிசமாகச் சேர்ந்திருக்கும். குடிக்க ஆகாது, செடிக்கு நல்லது. போர் தண்ணீர் 1,000 பிபிஎம் என்றால், ஏசி தண்ணீரைச் சரிபாதி கலந்தால் 500 பக்கம் இறங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான கணக்கும் போட்டுவிடலாம். 15 அங்குல அகலப் பை ஒன்றுக்கு உச்சக் கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தேவைப்படும். 45 நாளுக்கு இரண்டு கேன் தண்ணீருக்குக் கொஞ்சம் மேல். அதிலிருந்து கிடைப்பது ஆறு முள்ளங்கி, எடை ஒரு கிலோவுக்குள். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் வீட்டில், அந்தத் தண்ணீரில் முள்ளங்கி வளர்ப்பது வேண்டாத வேலை. சமையலறையும் ஏசியும் தருவதற்குள் எத்தனை பை அடங்குமோ, அத்தனைதான் கோடைத் தோட்டத்தின் சைஸ். இரண்டு பை என்றால் இரண்டே பை.

விதையிலிருந்து தட்டு வரைக்கும்

விதையை ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிக ஆழத்தில், நன்றாக நனைத்த மண்ணில் போடலாம். மூன்று முதல் ஐந்து நாளில் முளை வரும். பத்தாவது நாள் வாக்கில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு வேலை செய்ய வேண்டும்: செடி கலைத்தல். செடிக்குச் செடி நான்கு அங்குலம் விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். ஆசை ஆசையாக முளைத்ததைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது. அதனாலேயே பாதி மாடித் தோட்டங்களில் முள்ளங்கி கீரையாக முடிகிறது. பிடுங்கிய குருத்துகளை சாலட்டில் போடலாம். ஆனால் விதைக்குக் கலர் மருந்து பூசியிருந்தால் சாப்பிட வேண்டாம்.

பூச்சி என்று வந்தால் கோடையில் இரண்டு பேர். இலையில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டுத் துள்ளி ஓடும் சின்ன வண்டு, இலைக்கு அடியில் கூட்டமாக உட்காரும் அசுவினி. செடி இளசாக இருக்கும் முதல் இரண்டு வாரம் கொசுவலைத் துணியால் மூடிவைத்தாலே வண்டுத் தொல்லை குறையும். அசுவினிக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை கருகிவிடும்.

35-வது நாளிலிருந்து தினமும் எட்டிப் பார்க்க வேண்டும். முள்ளங்கியின் தோள் மண்ணுக்கு மேலே தெரிய ஆரம்பித்திருக்கும். ஒன்றைப் பிடுங்கி வெட்டிப் பார்த்து, நடு வரைக்கும் கெட்டியாக, நீர்ச்சத்தோடு இருந்தால் அந்த வாரமே மற்றவற்றையும் எடுத்துவிடலாம். குளிர்காலத்தில் பத்து நாள் பொறுத்தால் இன்னும் பெரிசாகும். கோடையில் பத்து நாள் பொறுத்தால் கிடைப்பது பஞ்சு. கடையில் பார்க்கும் நீள முள்ளங்கியோடு ஒப்பிட்டு 'இன்னும் கொஞ்சம் வளரட்டும்' என்று காத்திருப்பதில்தான் தேறி வந்த பயிரும் வீணாகிறது. கோடை முள்ளங்கி சின்னதாகத்தான் இருக்கும்.

பிடுங்கியதும் முதல் வேலையாக இலையைத் திருகி எடுத்துவிட வேண்டும். விட்டால் இலை வேரிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், சாயங்காலத்துக்குள் முள்ளங்கி ரப்பராகிவிடும். வேரைக் கழுவிக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு, துடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

எல்லாம் செஞ்சும் காரமா வந்துடுச்சா?

வரும். ஒரு வாரம் அனல் காற்று அடித்தால் எவ்வளவு கவனித்தாலும் கொஞ்சம் உறைக்கும். காரம் தோலை ஒட்டி அதிகம் என்பதால் தோலைக் கனமாகச் சீவினாலே பாதி இறங்கும். வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். அதனால் பச்சையாகக் கண்ணில் தண்ணீர் வரவைத்த முள்ளங்கி சாம்பாரில் சாதுவாகிவிடும். தயிர்ப் பச்சடிக்கு என்றால் துருவி, உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து எடுக்கலாம்.

வேர் மொத்தமாக ஏமாற்றிவிட்டால் இலை இருக்கிறது. இளம் முள்ளங்கிக் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைக்கலாம், பூண்டு தட்டிப் போட்டுப் பொரியல் செய்யலாம். இலையின் சொரசொரப்பு வெந்ததும் போய்விடும்.

அதையும் தாண்டிப் பூத்தண்டு கிளம்பிவிட்டதா? ஒன்றிரண்டு செடிகளை அப்படியே விட்டுப் பார்க்கலாம். வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பூ வரும், தேனீ வரும், அப்புறம் பச்சைப் பச்சையாகக் காய் பிடிக்கும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வடஇந்தியாவின் பல இடங்களிலும் முள்ளங்கிக் காயை மோக்ரி, சிங்க்ரி என்ற பெயர்களில் காய்கறியாகவே வாங்கிச் சமைக்கிறார்கள். காய்க்காகவே வளர்க்கும் எலிவால் முள்ளங்கி என்ற தனி வகையே உண்டு, அதில் வேரை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாதா முள்ளங்கியின் காயும் ருசியானதுதான். நகத்தால் கிள்ளினால் பட்டென்று உடைகிற பிஞ்சாகப் பறித்து, பீன்ஸ் மாதிரி பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினால் லேசான காரத்தோடு ஒரு பொரியல். ஒரு செடியே கை நிறையக் காய் தரும், பறிக்கப் பறிக்க இரண்டு, மூன்று வாரம் வந்துகொண்டிருக்கும்.